சாப்பாட்டு வால்வு

எதையும் தட்டிப் பார்த்த பிறகே நம்புவது அவர் வழக்கம். காகித ஆலையில் பாய்லர் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், பிரஷர் கேஜின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, முள் எங்கேயும் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் அழுத்தத்தைப் படிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் மறந்துவிட்டார், இவர் பிடித்துக்கொண்டார். நாளடைவில் சுவர்க்கடிகாரம், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், காய்கறிக் கடைத் தராசு என்று முள்ளோ கோடோ உள்ள எல்லாமே அவரிடம் தட்டு வாங்கின. ஆலையில் அவருக்குத் ‘தட்டிப்பார்’ என்று பெயர் வந்தது. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவருக்கு அதில் கேலி எதுவும் தென்படவில்லை.

ஆலை மூடியபோது அவரிடம் மிஞ்சியது பாய்லர் ஓட்டும் சான்றிதழும் மனைவியும் ஓர் இரும்புக் கட்டிலும்தான். மூன்றையும் அழைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனார். மாமனார் ஓய்வுபெற்ற காவலாளி. வாசலைத் தாண்டுகிற யாரையும் நிறுத்தி விசாரிக்கும் பழக்கம் மட்டும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெறவில்லை.

“மாப்பிள்ள, வெளிய கிளம்பிட்டீங்களா?”

“ஆமா மாமா.”

“வேலை விஷயமாவா, சும்மாவா?”

“வேலை விஷயமாத்தான்.”

“நேத்தும் அப்படித்தான் சொன்னீங்க.”

இந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு சொல்லும் மாறாமல் நடந்தது. அதனால் சலவை ஆலையில் பாய்லருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனபோது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, தங்க இடம் உண்டா என்று கேட்டார். இருந்தது. பாய்லர் அறைக்குப் பின்புறம் இரும்புப் படிக்கட்டில் ஏறினால் ஓர் அறை, அடுப்பு வைக்க ஒரு மூலை, எந்நேரமும் வெந்நீர். மனைவிக்கும் இஸ்திரிக் கூடத்தில் வேலை கிடைத்தது.

“மூணு மாசம் பாப்போம்,” என்றார் முதலாளியம்மா. கணவர் போன பிறகு ஆலையைத் தனியாக நடத்தி வந்தவர்; ஒரு வார்த்தையை இரண்டு தரம் சொல்ல மாட்டார். “சரியா வந்தா ரூம் உங்களுக்கு. வரலன்னா சாவிய குடுத்துட்டுக் கிளம்பணும்.”

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துண்டுகளும் அங்கே சலவைக்கு வந்தன. துவைக்கும் கூடம், உலர்த்தும் கூடம், இஸ்திரிக் கூடம் என்று மூன்று. ஆள் உயர உருளைகளுக்குள் நீராவி ஓடும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் போல வரும். எல்லாக் கூடத்துக்கும் நீராவி அனுப்பும் பாய்லர் நடுவில் இருந்தது. அதற்கும் இஸ்திரிக் கூடத்துக்கும் இடையில் ஒரு செங்கல் சுவர். மறுபக்கத்தில் அதே போன்ற இன்னொரு சுவர், அதற்கு அப்பால் முதலாளியம்மாவின் அலுவலக அறை.

முதல் நாள் மதியம் உலர்த்தும் கூடத்தில் காலைத் துணி முடிந்து, அந்தப் பக்கத்து நீராவிக் குழாயை மூடினார்கள். கொதிக்கிற நீராவிக்குப் போக வழி குறைந்ததால் கேஜின் முள் ஏறியது. சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோவில் இருந்த அழுத்தம் ஒன்பதுக்கு வந்தது. ஒன்பதில் பிரஷர் சுவிட்ச் தானாகவே பர்னரின் சுடரை அணைக்க வேண்டும். அணைக்கவில்லை. அவர் கேஜைத் தட்டினார். முள் மெய்யாகவே ஏறிக்கொண்டிருந்தது. பத்தைத் தொட்டபோது பாய்லர் தலைமேல் இருந்த பாதுகாப்பு வால்வு திறந்து, கூரைக்கு மேலே போகும் குழாய் வழியாக நீராவி அலறியது. அவர் பாய்ந்துபோய்ச் சுடரை அணைத்தார். வெளியே ஓடிவந்து பார்த்தால், யாரும் ஓடவில்லை. இஸ்திரிக் கூடத்தில் பெண்கள் உருளைகளை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் சாவி செய்கிறவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அதுவே நடந்தது. மூன்றாம் நாள் காலை, பாய்லர் ஆறியிருந்த வேளையில், சுவிட்சுக்குப் போகும் விரல் கனக் குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே உப்புக் கட்டி அடைத்து, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. பாய்லருக்குள் அழுத்தம் ஏறிய செய்தி சுவிட்சுக்கு ஆடி அசைந்துதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குள் வால்வு திறந்துவிடும். குழாயைச் சுத்தம் செய்து மாட்டினார். அன்று மதியம் முள் ஒன்பதுக்கு வந்ததும் சுடர் அணைந்தது. வால்வு வாயைத் திறக்கவில்லை. மனநிறைவோடு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது அறை வாசலில் இஸ்திரிக் கூடத்துப் பெரியக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அரைக் கூடம் நின்றது. அதில் பாய்லர்காரரின் மனைவியும் இருந்தாள். அவரைத் தெரியாதவள் போல வேறெங்கோ பார்த்தாள்.

“தம்பி, சாப்பாடு எங்க?”

“இப்பதான் சாப்பிட்டு வரேன்க்கா.”

“உங்க சாப்பாட்ட யார் கேட்டா? எங்க சாப்பாடு. மணி ரெண்டாகப் போகுது. வால்வ என்ன பண்ணினீங்க?”

“வால்வ ஒண்ணும் பண்ணல. சுவிட்ச சரி பண்ணேன். இனிமே அது திறக்காது.”

“எப்பவுமேவா?”

“திறந்தாதான்க்கா தப்பு.”

“அப்ப இத்தன வருஷமா தெனமும் திறந்துச்சே?”

“தெனமும் தப்பு நடந்திருக்கு.”

பெரியக்கா பின்னால் திரும்பினார். “கேட்டீங்களாடி. இத்தன வருஷமா தப்பு நடந்ததாலதான் நமக்குச் சாப்பாடு கிடைச்சிருக்கு.”

பாய்லர்காரர் பொறுமையாக விளக்கினார். ஒரு கதவை உள்ளேயிருந்து கூட்டம் தள்ளுகிறது, வெளியே ஒருவர் முதுகு கொடுத்துக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். கூட்டம் நீராவி, முதுகு ஸ்பிரிங், கதவு ஒரு சின்ன உலோகத் தட்டு. பத்து கிலோ வரை முதுகு தாங்கும். அதற்கு மேல் கதவு இம்மி விலகும்; விலகியதும் இடுக்கில் இன்னும் நாலு பேர் தோள் கொடுப்பார்கள், கதவு மடாரென்று முழுசாகத் திறந்துகொள்ளும். கூட்டம் நன்றாகக் குறைந்த பிறகுதான் முதுகுக்காரரால் திரும்பச் சாத்த முடியும். இது ஆபத்துக்கென்று நிற்கிற ஆள். தினமும் இவரைத் தள்ளி விளையாடினால் கதவும் தேயும், முதுகும் போகும்.

“அவருக்கப்புறம் வேற ஆள் கிடையாது,” என்று முடித்தார். பிறகு, சொன்னது முழுக்கச் சரியில்லை என்று தோன்றியதால் திருத்தினார். “பக்கத்துல இன்னொருத்தர் இருக்கார். பத்தரை கிலோவுக்குத் திறக்கற மாதிரி இன்னொரு வால்வு. அது இதுவரைக்கும் திறந்ததே இல்லைன்னு நினைக்கிறேன்.”

“முதுகு, கதவு எல்லாம் புரிஞ்சுது தம்பி. இப்ப நாங்க சாப்பிடப் போலாமா, கூடாதா?”

“கூடத்துலதான் கடிகாரம் இருக்கே. அதப் பாத்துப் போங்க.”

பெண்கள் சிரித்தார்கள். அவர் மனைவிகூடச் சிரித்தாள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது முதலாளியம்மாவின் மருமகன். “அது காலையில எங்களுக்கு முன்னாடி எழுந்து ஓடும்,” என்றார் பெரியக்கா. “மத்தியானம் ஆனா களைச்சுப் போய் உக்காந்துக்கும். வால்வுக்கு முதலாளியும் தெரியாது, தொழிலாளியும் தெரியாது. அது கத்தினா ஒரு மணி.”

அடுத்த சில நாட்களில் ஒரு மணி என்பது ஆளுக்கு ஒன்றானது. ஓர் உருளையில் நின்றவர்கள் பன்னிரண்டரைக்கே கிளம்பினார்கள், இன்னோர் உருளையில் ஒன்றேகால் வரை விரிப்புகள் குவிந்தன. சாவி செய்கிறவர் தெருவைக் கடந்து வந்து, நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் பசி எடுக்கிற நேரம் தெரியாமல் போய்விட்டது என்று முறையிட்டுவிட்டுப் போனார். முதலாளியம்மா பாய்லர்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“பழைய ஆள் இருந்தப்ப எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டாங்க, ஒண்ணா எழுந்தாங்க.”

“ஒரு மணி கட்டி அடிக்கலாமேம்மா.”

“யார் அடிக்கிறது? நான் அடிச்சா லேட்டும்பாங்க. அவங்க அடிச்சா சீக்கிரம்னு நான் சொல்வேன். அந்தச் சத்தம் வரணும். எப்படி வருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்.” எழுந்திருக்கச் சொல்லும் தோரணையில் கண்ணாடியைக் கழற்றினார். “மூணு மாசம் சொல்லியிருக்கேன்.”

சொன்னதை இரண்டு தரம் சொல்லாதவர் இரண்டாம் தரம் சொன்னது இது ஒன்றைத்தான்.

வால்வின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைத் தூக்கினால் அழுத்தம் எட்டு கிலோவாக இருந்தாலும் தட்டு உயர்ந்து நீராவி வெளியேறும். வால்வு ஒட்டிக்கொள்ளாமல் உயிரோடு இருக்கிறதா என்று எப்போதாவது சோதிக்க வைத்தது. அன்று மாலை மனைவியிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

“ஒரு கைப்பிடிய தூக்கறதுல உங்களுக்கு என்னங்க போகுது?”

“தெனமும் தூக்கினா தட்டுக்கு அடியில தூசு துரும்பு சிக்கும். தட்டு வெட்டுப்பட்டு ஒழுக ஆரம்பிக்கும்.”

“எத்தன நாள்ல?”

“அத சொல்ல முடியாது.”

“மூணு மாசத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவர் யோசித்தார். “பின்னாடியாத்தான் இருக்கும்.”

“அப்ப தூக்குங்க.” பாத்திரத்தை அலம்பி எடுத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். “நம்ம ரூம்ல அப்பா கோழி விட்டிருக்காராம்.”

“எத்தன கோழி?”

“அதுங்ககூட நாமளும் சேந்து படுக்க இடம் இருக்கான்னு கேக்கறீங்களா?”

மறுநாளிலிருந்து, உலர்த்தும் கூடத்துக் குழாயை மூடியதும், அவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறிக் கைப்பிடியைத் தூக்கினார். வால்வு அலறியது. உருளைகள் நின்றன. தெருவில் ஷட்டர் பாதி இறங்கியது. ஆலையில் எல்லாரும் அவரைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கினார்கள். ஏணியிலிருந்து இறங்கும்போதெல்லாம், தான் செய்வது தவறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அடுத்த நாளும் ஏறினார்.

மூன்றாவது மாதம் பாதிக்கு வந்தபோது, ஒரு நாள் கைப்பிடியை இறக்கிய பிறகும் வால்வு முழுசாக மூடவில்லை. தட்டுக்கு அடியில் எதுவோ சிக்கி வெட்டியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அது பகல் முழுக்க உஸ்ஸென்று சீறியது. பாதுகாப்பு வால்வு ஒழுகினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பாய்லரை நிறுத்தி, வால்வைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, தட்டையும் அது உட்காரும் வளையத்தையும் தேய்த்துச் சமன்செய்து, மறுபடி பத்து கிலோவுக்கு வைத்து வாங்க வேண்டும். முதலாளியம்மாவிடம் சொன்னார்.

“பாய்லர நிறுத்தறதா? ஹோட்டல் எல்லாம் நிரம்பி வழியுது. இப்பவா?”

ஒரு வால்வைப் பட்டறையிலிருந்து இரவலாக வாங்கி மாட்டினால் ஒரு நாளில் முடியும் என்றார் அவர். போய்க் கேட்டு வரும்படி முதலாளியம்மா சொன்னார். அதுவரை பாய்லரை மருமகன் பார்த்துக்கொள்வான்.

அந்த மருமகன் நல்ல மனிதர். மாமியார் வீட்டோடு இருந்தார். ஆலையில் அவருக்கென்று தனி வேலை எதுவும் இல்லாததால் எல்லா வேலையிலும் கை வைப்பார். மாமனார் வீட்டில் ஒரு வருடம் இருந்த நினைப்பில் பாய்லர்காரருக்கு அவர்மேல் ஒரு பரிவு உண்டு. அதனாலேயே அவரைக் கடிந்து பேச வராது. எந்தக் குழாய் சொட்டினாலும் ஸ்பேனரோடு வருவார். ஒழுகினால் இறுக்க வேண்டும் என்பதே அவருடைய தொழில்நுட்பம். பெரும்பாலும் அது பலித்தும் வந்தது.

“எதையும் தொடாதீங்க சார். கேஜ மட்டும் பாத்துட்டிருங்க.”

“நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.”

சான்றிதழ் உள்ள ஆள் இல்லாமல் பாய்லர் ஓடக் கூடாது. அதுவும் தெரிந்துதான் கிளம்பினார்.

பட்டறையில் இரவல் வால்வுக்குச் சம்மதித்தார்கள். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்கள். திரும்பி வந்து ஆலையின் வாசலில் நுழையும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. முற்றத்தில் ஹோட்டல் வேன் பின்கதவைத் திறந்துவைத்து நின்றது. இஸ்திரி போட்ட விரிப்புகளைக் கட்டுக் கட்டாக ஏற்றியிருந்தார்கள். பாய்லர் அறை வாசலில் பெரியக்காவும் நாலைந்து பெண்களும் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு நின்றார்கள். உள்ளே சீறல் சத்தமே இல்லை. ஒழுகிக்கொண்டிருந்த வால்வு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை.

மருமகன் கேஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு, சொன்ன சொல் தவறாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க வாங்க. ஒழுகல நிறுத்திட்டேன். மேல ஒரு மூடி இருந்துச்சு, கம்பி போட்டு ஈயத்துல முத்திரை வெச்சிருந்தான். அத வெட்டிட்டு உள்ள இருந்த திருகாணிய நல்லா இறுக்கினேன். சுத்தமா நின்னுடுச்சு.”

“எவ்வளவு இறுக்கினீங்க?”

“போற வரைக்கும்.” சற்று மனத்தாங்கலோடு தொடர்ந்தார். “அதுக்கப்புறம்தான் கைப்பிடி தூக்க வரல. ஒரு பெருமூச்சு மாதிரி வந்துச்சு, அத பெரியக்கா ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. சரி, முன்ன மாதிரி அதுவா கத்தட்டும்னு, சுடர அணைக்காம இருக்க சுவிட்ச தள்ளி வெச்சுட்டு பர்னர எரிய விட்டிருக்கேன். பிரஷர் பதினொண்ணு தாண்டிடுச்சு. இன்னும் சாப்பாடு வரல.”

அவர் கேஜைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டைக் கடந்து நின்றது. இந்த முறை அவர் தட்டவில்லை. பர்னரை அணைத்தார். சுடர் போனாலும் உள்ளே இருந்த சூடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. முள் இறங்காமல் மெல்ல ஏறியது.

“சார், நீங்க உலர்த்தும் கூடத்துக்குப் போய் நீராவிக் குழாய முழுசா திறந்து விடுங்க. அங்கயே இருங்க. இங்க வர வேண்டாம்.”

மருமகன் கிளம்பினார். பாய்லர்காரர் வாசலுக்கு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் உருளைகள் ஓடும் சத்தம் கேட்டது. மனைவி மூன்றாவது உருளையில் நிற்பாள்.

“அக்கா, சாப்பாடு விட்டாச்சு. எல்லாரையும் கூட்டிட்டு முற்றத்தத் தாண்டி வெளிய போயிடுங்க.”

“சத்தம் வரலையே தம்பி.”

“நான் சொல்றேன்ல, போங்க.”

“நீங்க நேத்து வந்தவரு. நீங்க சொன்னீங்கன்னு எழுந்து போனா, நாளைக்கு இன்னொருத்தர் சொல்வாரு, உக்காருன்னு. வால்வு சொல்லட்டும்.”

“வால்வு கெட்டுப் போச்சுக்கா. அதான் போகச் சொல்றேன்.”

“கெட்டுப் போச்சா? கெட்டுப் போனத வெச்சா இப்ப மணிய சொல்றீங்க?”

அவர் வாழ்க்கையில் யாரையும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. பெரியக்காவின் கையைப் பிடித்துவிட்டார். பெரியக்கா அந்தக் கையையும் பிறகு அவர் முகத்தையும் பார்த்தார். என்ன கேட்க நினைத்தாரோ, அதைக் கேட்பதற்கு முன்னால் இரண்டாவது வால்வு திறந்தது.

பத்தரை கிலோவுக்குத் திறந்திருக்க வேண்டியது. இத்தனை வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு கிலோவை நெருங்கும்போதுதான் மனம் வந்தது. ஆனால் வந்தபோது முழு மனதோடு வந்தது. தரை அதிர்ந்தது. அதன் குழாய் கூரைக்குப் போகவில்லை; எந்தக் காலத்திலோ யாரோ முற்றத்துப் பக்கம் வளைத்து விட்டிருந்தார்கள். குழாயில் தேங்கும் தண்ணீர் வடிவதற்கு அடியில் வைத்த துளையும் அடைத்துப்போயிருந்தது. வருடக்கணக்கில் தேங்கிய துருத் தண்ணீர் முழுவதையும் நீராவி ஒரே மூச்சில் முற்றத்தில் ஊதியது. வேனின் பின்கதவு திறந்தே இருந்தது.

சத்தம் கேட்டதும் இஸ்திரிக் கூடத்தில் உருளைகள் நின்றன. பெண்கள் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

முள் பதினொன்றுக்கு இறங்கி, பத்துக்கு வந்து, ஒன்பதரைக்கும் கீழே போன பிறகு வால்வு சாத்திக்கொண்டது. முதலாளியம்மா முற்றத்தில் நின்று வேனைப் பார்த்தார். வெள்ளையாக ஏற்றிய விரிப்புகள் தேநீர் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தன. வேன் ஓட்டுநர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“இது என்ன?”

“ரெண்டாவது வால்வும்மா.”

“ஒரு பாய்லருக்கு எதுக்கு ரெண்டு வால்வு?”

“இதுக்குத்தாம்மா.”

பாய்லர்காரர் யாரையும் கேட்காமல் பாய்லரை நிறுத்தினார். ஆறிய பிறகு இரண்டு வால்வையும் கழற்றிச் சாக்கில் கட்டி, இனி வேலை போகும் என்ற எண்ணத்தோடேயே பட்டறைக்குக் கிளம்பினார். முதலாளியம்மா கூடவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். சாக்கு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

பட்டறைக்காரர் முதல் வால்வைச் சோதனை மேசையில் மாட்டி, சிலிண்டரிலிருந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பத்து ஆனது. பன்னிரண்டு ஆனது. பதினைந்தில் நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதை முதலாளியம்மாவுக்குக் காட்டினார். அவற்றுக்கு நடுவே காகிதம்கூட நுழையாது. தட்டு உயர இடமே இல்லை.

“இது எப்ப திறக்கும்?” என்று கேட்டார் முதலாளியம்மா.

“திறக்கும்மா. பாய்லர் திறந்ததுக்கப்புறம்.”

முதலாளியம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தன் பாய்லர்காரரைப் பார்த்தார்.

“என் நாற்காலிக்கும் அந்த பாய்லருக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“ஒரு செங்கல் சுவரும்மா.”

“இஸ்திரிக் கூடத்துக்கு?”

“அதே கனம்தான். என் வீட்டுக்காரி அந்தப் பக்கம்தான் நிக்கறா.”

“இத்தன நாள் இதச் சொல்லலையே.”

“சொல்லல. அதோட இன்னும் ரெண்டு இருக்கும்மா. தெனமும் கைப்பிடிய தூக்கி வால்வ கெடுத்தது நான். சார தனியா விட்டுட்டுப் போனதும் நான். இனிமே சாப்பாட்டுக்காக அத தூக்க மாட்டேன். மாட்டின வால்வு அங்க சும்மா இருக்கணும். ஒத்து வரலன்னா சாவிய இன்னைக்கே தந்துடறேன்.”

அவர் வாழ்நாளில் தன்னைப் பற்றி ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுவரை இல்லை. முதலாளியம்மா பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். இரண்டையும் சரிசெய்து முத்திரை வைக்க எவ்வளவு நேரம் ஆகும், அந்த ஈய முத்திரையை யாரும் வெட்ட முடியாதா என்று கேட்டார்.

“குழந்தகூட வெட்டலாம்மா. வெட்டினா தெரியும், அவ்வளவுதான்.”

“தெரிஞ்சா போதும். எங்க வீட்டுல வெட்டறது யாருன்னு எனக்குத் தெரியும்.”

வண்டி ஆலைத் தெரு முனைக்குத் திரும்பியது. முதலாளியம்மா வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“மாடி ரூம்ல மழைத் தண்ணி ஒழுகுதாமே. உங்க வீட்டம்மா பெரியக்காகிட்ட சொன்னாங்களாம்.”

“கொஞ்சம்தாம்மா.”

“தார் வாங்கிப் பூசிக்குங்க. ஆபீஸ் கணக்குல எழுதிடுங்க.”

காலி செய்யப்போகிற அறைக்கு யாரும் தார் பூசச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கு வண்டியை விட்டு இறங்கிப் படிக்கட்டில் பாதி ஏறிய பிறகுதான் உறைத்தது. நின்று, மிச்சப் படிகளை மெதுவாக ஏறி, மனைவியிடம் சொன்னார். அவள், “எழுதி வாங்கினீங்களா?” என்று கேட்டாள்.

வால்வுகள் புது முத்திரையோடு வந்தன. இரண்டாவது வால்வின் குழாயைக் கூரைக்கு ஏற்றி, அடித்துளையைக் குத்தித் திறந்துவிட்டார். பாய்லர் அறைக்குப் பூட்டு வந்தது. மருமகனுக்கு அலுவலகத்து மின்விசிறிகளை ஒப்படைத்தார்கள். சாப்பாட்டுக்கென்று நீராவிக் குழாயில் ஒரு விசில் பொருத்த முதலாளியம்மா சம்மதித்தார். விசிலின் கயிறு யார் கையில் இருப்பது என்பதில்தான் பேச்சு இழுத்தது. கடைசியில் கயிறு இஸ்திரிக் கூடத்திலும், பார்க்க வேண்டிய கடிகாரம் அலுவலகத்திலும் என்று முடிவானது.

முதல் நாள் பெரியக்கா கயிற்றை இழுத்ததும் முதலாளியம்மா அறையிலிருந்து வெளியே வந்தார்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”

“உங்க கடிகாரத்துல இருக்கும்மா. எங்க வயித்துல இல்ல.”

“தம்பிய கூப்பிடுங்க. அவர் சொல்லட்டும்.”

அவர் வந்தார். இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“எனக்குத் தெரிஞ்சது பிரஷர் மட்டும்தாங்க,” என்றார். “இப்ப எட்டே முக்கால்.”

அவர்கள் அவரை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அவர் உள்ளே போய், முள் ஒன்பதுக்கு வருவதையும் சுடர் தானாக அணைவதையும் பார்த்தார். மறுபடி பற்றாதபடி பர்னரின் விசையையும் நிறுத்திவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் பூசிவிட வேண்டும் என்ற கணக்கில், தார் வாங்கக் கடைக்குப் போனார்.